பசியால் போர் மூளுமா?

சூடான் செய்திகளைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது ஒரே வரிதான்: “பசி வந்தால் பத்தும் பறந்துவிடும் என்பார்கள், அப்படியானால் இந்த நாடுகளில் பஞ்சம் வந்ததால்தான் சண்டை மூண்டதா, வேண்டிய உணவை அனுப்பிவிட்டால் சண்டை அடங்கிவிடுமா?” இந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. போர் பட்டினியை உண்டாக்குகிறதா, பட்டினி போரை உண்டாக்குகிறதா, வெளியிலிருந்து போகும் உணவு இவ்விரண்டையும் என்ன செய்கிறது? முதல் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத பதில் உண்டு. இரண்டாவதற்குக் கிடைக்கும் பதில் பலரும் எதிர்பார்ப்பதற்கு ஏறத்தாழ எதிரானது. மூன்றாவதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிவாரண அமைப்பு ஒன்றின் உணவு நிலை மதிப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். சந்தை விலையைக் குறிப்பதும், குழந்தைகளின் கைச்சுற்றளவை எடுப்பதும், அந்த எண்களை வைத்து அடுத்த சில மாதங்களைக் கணிப்பதும்தான் என் தொழில். படை நகர்வுகளையும் சமாதானப் பேச்சுகளையும் உள்ளிருந்து பார்த்தவன் அல்லன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். இன்று ஒரு பகுதியில் பஞ்சம் என்று அறிவிப்பதற்குத் திட்டமான அளவுகோல் இருக்கிறது. ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவே இல்லாத நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் 30 சதவீதத்தினராவது கடும் ஊட்டக்குறைவில் இருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவராவது பட்டினியாலோ அதையொட்டிய நோயாலோ இறந்துகொண்டிருக்க வேண்டும். 2004-இல் சோமாலியாவுக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவிய வகைப்பாடு இது. இதன்படி பஞ்சம் உறுதிசெய்யப்பட்ட இடங்களைப் பாருங்கள்: 2011-இல் தெற்குச் சோமாலியா, 2017-இல் தென் சூடானின் யூனிட்டி மாநிலம், 2024-இல் சூடானில் இடம்பெயர்ந்தோர் வாழ்ந்த ஜம்ஜம் முகாம், 2025 ஆகஸ்டில் காஸா. இவற்றில் ஒன்றுகூடப் போர் இல்லாத இடம் அல்ல. சோமாலியாவின் கதை இன்னும் தெளிவாகப் பேசும். 2010–11 வறட்சி எல்லைக்கோடு பார்க்காமல் கென்யாவையும் எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் சேர்த்தே வாட்டியது. மூன்று நாடுகளிலும் மேய்ச்சல் நிலம் கருகியது, மாடுகள் செத்தன. ஆனால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரைக் கொன்ற பஞ்சம் சோமாலியாவில் மட்டுமே வந்தது. இறந்தவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்கேதான் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசை எதிர்த்துப் போரிட்ட அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு தன் பிடியிலிருந்த பகுதிகளிலிருந்து ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தை 2010-லேயே வெளியேற்றியிருந்தது. பயங்கரவாத அமைப்புக்கு உதவி போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற சட்ட அச்சத்தில் நன்கொடை நாடுகளும் கையைச் சுருக்கியிருந்தன.

போர் எப்படி உணவைப் பறிக்கிறது என்று கேட்டால், வயல் எரிவதும் கிடங்கு சூறையாடப்படுவதும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவை நடக்கின்றன, ஆனால் பெரும்பாலான சேதம் சத்தமில்லாத வழிகளில் வருகிறது. சூடானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று இராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணை இராணுவத்துக்கும் இடையே சண்டை வெடித்தது கார்ட்டூமில், அதாவது வங்கிகளும் இறக்குமதியாளர்களும் மாவு ஆலைகளும் இருந்த தலைநகரில். சோள விதைப்புக்கு முன் விவசாயி கடன் வாங்கும் பருவம் அது. வங்கி மூடினால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் விதையும் டீசலும் இல்லை. அந்த டிசம்பரில், அறுவடை நடந்துகொண்டிருந்த நேரத்தில், போர் ஜசீராவுக்குள் நுழைந்தது. நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே, செனார் அணையின் தண்ணீரால் 1925 முதல் விளைந்துவந்த, 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பாசனப் பரப்பு அது. அதன் பெரிய நகரமான வாத் மதனி வீழ்ந்தபோது கார்ட்டூமிலிருந்து தப்பி அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் இரண்டாம் முறை ஓடினார்கள். உழுதவனும் ஓடினான், வாய்க்கால் பார்த்தவனும் ஓடினான். அணையில் தண்ணீர் இருந்தது. அதைத் திறந்துவிட ஆள் இல்லை.

நாட்டின் மேற்குக் கோடியில், வடக்கு டார்ஃபூரின் தலைநகரான எல் ஃபாஷரில் நடந்தது வேறு விதம். துரித ஆதரவுப் படை 2024-இல் அந்நகரை முற்றுகையிட்டது. அடுத்த ஆண்டு நகரைச் சுற்றி மண்கரை எழுப்பி வழிகளை அடைத்தது. அங்கே மக்கள் சாப்பிட்டது நிலக்கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் அந்தச் சக்கையை நம் ஊரில் தண்ணீரில் ஊறவைத்து மாட்டுக்கு வைப்போம். அங்கும் அது கால்நடைத் தீவனம்தான், அம்பாஸ் என்பார்கள். சூடான் உலகில் நிலக்கடலை அதிகம் விளையும் நாடுகளுள் ஒன்று என்பதால் புண்ணாக்கு கிடைத்தது. பொதுச் சமையல்கூடங்கள் முதலில் தானியக் கஞ்சி ஊற்றின. தானியம் தீர்ந்ததும் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றின. கடைசியில் அதுவும் தட்டுப்பாடாகி விலை ஏறியது. 2025 அக்டோபரில் நகரம் வீழ்ந்தது.

இத்தகைய அழிவு ஒரே நாளில் வருவதில்லை என்பதால்தான் எங்கள் தொழில் என்ற ஒன்று இருக்கிறது. கால்நடை வளர்ப்போர் வாழும் பகுதிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது, ஓர் ஆட்டை விற்றால் சந்தையில் எத்தனை கிலோ சோளம் வாங்கலாம் என்பதை. சாதாரண காலத்தில் இந்த அளவு பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் ஏறி இறங்கும். சாலை அடைபட்டால் சோளம் வருவது குறைந்து அதன் விலை ஏறும். அதே வேளையில் எல்லோரும் ஆட்டை விற்க ஓடிவருவதாலும், வெளியூர் வியாபாரி வராததாலும் ஆட்டின் விலை விழும். இரண்டும் சேர்ந்து கத்தரிபோல் விரியும்போது, மந்தை கண்ணெதிரே நின்றாலும் அந்தக் குடும்பம் ஏழையாகிவிட்டது என்று பொருள். அதற்கடுத்து நாங்கள் கையளவு நாடாவை எடுப்போம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு நிறம் தெரியும். மருத்துவ உணவு உடனே கிடைக்காவிட்டால் குழந்தை இறக்கும் ஆபத்து பல மடங்கு கூடும். ஆட்டு விலைக்கும் சிவப்பு நாடாவுக்கும் இடையே பெரும்பாலும் சில மாத அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் எச்சரிக்கை அறிக்கைகள் போய்க்கொண்டேதான் இருக்கும். 2011-லும் போயின.

போரின் பக்கவிளைவாக வரும் பட்டினி ஒன்று. வேண்டுமென்றே கொண்டுவரப்படும் பட்டினி இன்னொன்று. களத்தில் இவற்றைப் பிரித்துக் காண்பது எளிதல்ல, ஏனென்றால் சாலையை மூடுகிற தளபதி எப்போதும் ஆயுதக் கடத்தலைத் தடுப்பதாகவே சொல்வார். சட்டமும் இதில் நெடுங்காலம் தளபதியின் பக்கமே நின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-இல் வகுக்கப்பட்ட லீபர் விதிகள், எதிரியை, ஆயுதம் ஏந்தினாலும் ஏந்தாவிட்டாலும், பட்டினி போடுவது முறையே என்றன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளின் 872 நாள் முற்றுகையில் லெனின்கிராட் நகரத்தில் 1941-இன் கடைசியில் பொதுமக்களுக்குக் கிடைத்த குறைந்தபட்சப் பங்கு நாளுக்கு 125 கிராம் ரொட்டி. பட்டினி தாங்காமல் தப்பி வெளியேற முயல்பவர்களைச் சுடச் சொன்ன ஆணை பற்றி ஜெர்மானியத் தளபதி வில்ஹெல்ம் வான் லேப் மீது நியூரம்பெர்க்கில் வழக்கு வந்தபோது, சட்டம் வேறாக இருந்திருக்கலாம் என்று தாங்கள் விரும்பினாலும் இருக்கிறபடியே அதைச் செயல்படுத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லி நீதிபதிகள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக்கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறை சொன்னது 1977-இல்தான். உள்நாட்டுப் போரில் அதைப் போர்க்குற்றமாக விசாரிக்கும் திருத்தம் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் சேர்ந்தது 2019-இல்.

ஈழத்தைச் சேர்ந்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990-களில் யாழ்ப்பாணத்துக்குள் மண்ணெண்ணெயும் மின்கலமும் சவர்க்காரமும் தடைப் பட்டியலில் இருந்த காலத்தில், ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009 வன்னியில் கையாளப்பட்ட வழி அதைவிட நுட்பமானது. உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை 70,000 அளவில்தான் என்று அந்தப் பிப்ரவரியில் அரசுத் தரப்பு சொன்னது; போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். உணவையும் மருந்தையும் குறைப்பதற்காகவே ஆள்கணக்கு குறைத்துக் காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழு 2011-இல் முடிவு கூறியது. மக்கள்தொகை மதிப்பீடு என்ற, என் தொழிலின் மிகச் சாதாரணமான கருவியையே ஆயுதமாக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு மே மாதமும் ஊற்றப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியில் அரிசியும் உப்பும் தண்ணீருமே முக்கியம் என்பதற்குக் காரணம், கடைசி நாட்களில் வேறொன்றும் அங்கே இருக்கவில்லை என்பதே.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பசித்தவர்கள் கிளர்ந்தெழுந்து போரைத் தொடங்குகிறார்களா? முற்றிய பட்டினியில் இருப்பவர்கள் அப்படிச் செய்ததற்குச் சான்று மிக மிகக் குறைவு. உடலே அதற்கு இடம் தருவதில்லை. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்த அவர்களிடம் எரிச்சல் கூடியது உண்மை, ஆனால் அதைவிட மேலோங்கியது சோர்வும் ஒதுங்கலும் உணவைத் தவிர வேறெதிலும் பற்றின்மையும். 1943 வங்கப் பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர் வரை இறந்தார்கள். அந்தப் பஞ்சத்திலும் போரின் கை உண்டு: பர்மா ஜப்பானிடம் வீழ்ந்து அரிசி வரவு நின்றது, ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைக் கரையோர மாவட்டங்களிலிருந்து பிரிட்டிஷ் அரசு 1942-லேயே அப்புறப்படுத்தியது, ஆறே சாலையாக இருந்த ஊர்களில் படகு போனால் நெல்லும் மீனும் போயிற்று. கிராமங்களிலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தவர்கள் பண்டம் நிறைந்த கடைகளின் வாசலிலேயே செத்தார்கள். கடைகள் சூறையாடப்படவில்லை.

எத்தியோப்பியாவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1973-இல் வொல்லோ மாகாணத்தில் கடும் பஞ்சம். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் விளைச்சல் அப்படியொன்றும் வீழ்ந்துவிடவில்லை, வொல்லோவிலிருந்து தானியம் வெளியேகூடப் போனது, அங்கிருந்தவர்களிடம் வாங்கும் சக்தி இல்லை என்பதே காரணம் என்று அமர்த்தியா சென் பின்னர் காட்டினார். மறு ஆண்டு பேரரசர் ஹைலே செலாசி கவிழ்ந்தார். ஆகவே பஞ்சம் பேரரசைக் கவிழ்த்தது என்று சொல்லிவிடுவார்கள். யார் கவிழ்த்தது என்று பாருங்கள். 1974 ஜனவரியில் நெகெலே பாளையத்தில் கெட்ட சாப்பாட்டையும் குடிநீரையும் எதிர்த்துச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். பிப்ரவரியில் பெட்ரோல் விலையேற்றத்தை எதிர்த்து அடிஸ் அபாபாவின் டாக்சி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆசிரியர்கள் சேர்ந்தார்கள், மாணவர்கள் சேர்ந்தார்கள். வொல்லோவின் உழவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் சாலையோர முகாம்களில் இறந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜொனாதன் டிம்பிள்பி எடுத்த பஞ்சக் காட்சிகளோடு அரண்மனை விருந்துக் காட்சிகளையும் இணைத்து இராணுவக் குழு செப்டம்பர் 11 இரவு தொலைக்காட்சியில் ஓட்டியது. மறுநாள் பேரரசரை இறக்கியது. பசி அங்கே கிளர்ச்சிக்கான நியாயமாகப் பயன்பட்டது; கிளர்ந்தவர்கள் பசியின் கடைநிலையில் இருந்தவர்கள் அல்லர். அப்படி ஆட்சிக்கு வந்த அதே இராணுவக் குழு, பத்தாண்டு கழித்து, நாட்டின் வடக்கிலுள்ள திக்ரேயில் கிளர்ச்சியாளர்களுக்குச் சோறு கிடைக்காமல் செய்வதற்காகச் சந்தைகள்மீது குண்டு வீசியது. விமானத்துக்கு அஞ்சி அங்கே சந்தைகள் இரவில் கூடின. 1983–85 பஞ்சத்தில் இறந்தவர்கள் நான்கு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. அதை வெறும் வறட்சி என்று உலகம் நம்பியதில் அந்த அரசுக்குப் பெரும் வசதி இருந்தது.

விலையேற்றக் கலகம் என்பது வேறு வகை, அதையும் பசிக்கலகம் என்று அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. 1918 செப்டம்பரில் சென்னை மாகாணத்தில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன; 1977 ஜனவரியில் எகிப்தின் சதாத் அரசு மானியத்தை வெட்டியதும் கெய்ரோ கொந்தளித்தது, சில நாளிலேயே அரசு பின்வாங்கியது; 2008 ஏப்ரலில் ஹெய்ட்டியின் பிரதமர் உணவு விலைக் கலவரத்தால் பதவி இழந்தார். இவற்றில் இறங்கியவர்கள் நகரத்துக் கூலிக்காரர்கள், நேற்றுவரை வாங்க முடிந்ததை இன்று வாங்க முடியாதவர்கள், அதற்கு யாரோ பொறுப்பு என்று நம்பியவர்கள். இலங்கையில் 2022-இலும் அதுவே நடந்தது. அந்தச் செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் அரசுத் தலைவரை ஓடவைத்த போராட்டத்தின் மையம் கொழும்பின் காலிமுகத்திடல், உணவுத் தட்டுப்பாட்டில் மிக மோசமாக இருந்த மலையகத் தோட்ட லயங்கள் அல்ல. இத்தகைய கலகம் ஆட்சியை மாற்றலாம். அது உள்நாட்டுப் போராக நீள்வதற்கு ஆயுதமும் அமைப்பும் பிளவுபட்ட இராணுவமும் வேண்டும், அவை விலைவாசியிலிருந்து வருவதில்லை.

இங்கிருந்து ஐயத்துக்குரிய பகுதி. மழை பொய்த்து வருமானம் விழுந்த ஆண்டுக்கு அடுத்து உள்நாட்டுப் போரின் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது என்று, 41 ஆப்பிரிக்க நாடுகளின் 1981 முதல் 1999 வரையான தரவுகளைக் கொண்டு எட்வர்ட் மிகெல் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2004-இல் எழுதியது பெரிதாகப் பேசப்பட்டது. தரவுகளைக் கையாண்ட முறையை மாற்றினால் அந்தத் தொடர்பு கரைந்துவிடுகிறது என்று பின்னர் வந்தவர்கள் காட்டினார்கள். சிரியாப் போருக்கு 2006-க்குப் பிந்தைய வறட்சியே காரணம் என்ற கருத்துக்கும் அதே கதிதான். 2015-இல் ஓர் ஆய்வு அதை முன்வைத்தது, வறட்சியால் இடம்பெயர்ந்தவர்கள் எழுச்சியைத் தொடங்கினார்கள் என்பதற்குச் சான்று போதாது என்று 2017-இல் இன்னோர் ஆய்வு மறுத்தது. எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. இளைஞர்கள் சோற்றுக்காகத்தான் ஆயுதக் குழுக்களில் சேர்கிறார்கள் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. சம்பளமும் சாப்பாடும் தரும் ஒரே வேலை அதுவாக இருக்கும் ஊர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவின் தீவிரவாதக் குழுக்களில் இருந்தவர்களைக் கேட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகச் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்தினர் தங்களைக் கடைசியாகத் தள்ளியது அரசின் செயல் என்றார்கள், அதாவது உறவினரோ நண்பரோ கொல்லப்பட்டதும் கைதானதும்.

கடைசியாக, உணவு அனுப்பினால் சண்டை அடங்குமா? அடங்காது, சில வேளை உணவே சண்டைக்குத் தீனியாகும். 1991–92-இல் சோமாலியாவில் தானிய மூட்டை பணத்தைப் போலப் புழங்கியது. துறைமுகத்தில் ஒரு குழு பங்கு எடுக்கும், சாலையில் ஒவ்வொரு சாவடியிலும் இன்னொரு குழு எடுக்கும். அதற்குச் செஞ்சிலுவைச் சங்கம் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: மூட்டையாகக் கொடுக்காமல் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்களை ஊர்தோறும் திறந்து, சமைத்த உணவைப் பாத்திரத்தில் ஊற்றினார்கள். வெந்த கஞ்சியைக் கொள்ளையடித்து என்ன செய்வது, பதுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. உணவு உதவி போரை நீட்டிக்கிறது என்று பொதுவாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றை மறுக்கும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதைக் காரணம் காட்டி உதவியை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் நிறுத்தினால் முதலில் சாவது துப்பாக்கி வைத்திருப்பவன் அல்லன். போர் நின்ற மறுநாள் பசியும் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தியோப்பிய அரசுக்கும் திக்ரே படைகளுக்கும் நடந்த போரை நிறுத்தும் பிரிட்டோரியா உடன்பாடு 2022 நவம்பரில் ஆனது; உழவுமாடு கொல்லப்பட்டுப் போன, விதை தீர்ந்துபோன வீடுகளுக்கு அடுத்த அறுவடைவரை உதவி தேவைப்பட்ட நேரத்தில், தானியம் திருடப்படுவதைக் கண்டுபிடித்த நன்கொடையாளர்கள் 2023-இல் பல மாதங்கள் அதை நிறுத்திவைத்தார்கள்.

ஆகவே இனி சூடானைப் பற்றிய செய்தி வரும்போது எத்தனை டன் அனுப்பினார்கள் என்ற எண்ணைக் கடந்து வேறு சிலவற்றைத் தேடுங்கள். சாட் நாட்டிலிருந்து டார்ஃபூருக்குள் நுழையும் அட்ரே எல்லைச் சாவடி திறந்திருக்கிறதா என்பது ஒன்று. 2024-இல் அது பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டுவரை உதவி வண்டிகளுக்கு மூடியிருந்தது, திறந்தபோது மழைக்காலம் வந்து காட்டாறுகள் சாலையை அறுத்திருந்தன. ஜூன், ஜூலையில் விதைப்பு நடந்ததா, உள்ளூர்ச் சந்தையில் சோளம் என்ன விலை, சமையற்கூடங்களில் அடுப்பு எரிகிறதா என்பவை மற்றவை. இவற்றுக்கு விடை கிடைத்தால் அடுத்த மூன்று நான்கு மாதங்களில் அங்கே என்ன நடக்கும் என்பதை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம்.